வணிகப் பெயரும் அதன் எழுத்தும்: பாலோ வட்டாரச் சிறுதொழில் முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

பாலோவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குளுவாங் பக்கத்திலும் சொந்தப் பெயரில் சரக்கு விற்கும் தமிழ்ச் சிறுதொழில் முனைவோருக்கும், அவர்களுக்குப் பலகையும் உறையும் அச்சிட்டுக் கொடுப்போருக்கும்,

வணிக அடையாளத்தில் எழுத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. கடையின் பெயரையோ சரக்கின் பெயரையோ பார்த்த மாத்திரத்தில் இன்னாருடையது என்று தெரியும்படி நிறுத்துவது ஒன்று. அந்தப் பெயருக்கென்றே வரைந்த நாலைந்து எழுத்துகள் இதற்குப் போதும். இதைப் பெயரெழுத்து எனலாம். விலை, முகவரி, சேர்மானப் பட்டியல், பண்டிகை வாழ்த்து என மற்ற எல்லாச் சொற்களையும் ஒரே சாயலில் அமைப்பது மற்றொன்று. அதற்கு முழு எழுத்துத் தொகுதியும் வேண்டும். அச்சகங்களில் ‘ஃபாண்ட்’ என்று கேட்டு வாங்கும் எழுத்துரு இதுதான். பெயரெழுத்தை ஒருமுறை வரைந்தால் தீர்ந்தது. எழுத்துருவோ யார் எதைத் தட்டச்சிட்டாலும் ஒழுங்காக வந்து நிற்கவேண்டும். இரண்டுக்கும் ஆகும் உழைப்பு ஏணி வைத்தாலும் எட்டாது.

பெரிய நிறுவனங்களும் இந்த வரிசையில்தான் வளர்ந்தன. 1880களில் கொக்கோ கோலா என்று பெயர் சூட்டி, அதைச் சுழித்த கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவர் அந்த நிறுவனத்தில் கணக்கு எழுதிய ஃபிராங்க் ராபின்சன். அந்நிறுவனம் தனக்கென்று முழு எழுத்துருவை வெளியிட்டது 2018இல்தான். அதுவரை நூறாண்டுக்கும் மேலாக அந்தப் பெயரெழுத்தே சுமையைத் தாங்கியது. லண்டன் நிலத்தடி இரயிலின் கதை வேறு. நிலையப் பெயரும் விளம்பரமும் ஒன்றோடொன்று கலந்து பயணிகளைக் குழப்பியதால், ஃபிராங்க் பிக் 1913இல் எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் தனி எழுத்தைக் கேட்டார். 1916இல் புழக்கத்துக்கு வந்த அந்த எழுத்து, 2016இல் திருத்தம் கண்டு இன்றும் ஓடுகிறது. அண்மைக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் சொந்த எழுத்துருவுக்குப் போனதில் பணக் கணக்கும் உண்டு. வெளி எழுத்துருக்களுக்கு ஆண்டுதோறும் கட்டும் உரிமத் தொகையை மிச்சப்படுத்தவும் நெட்ஃபிளிக்ஸ் 2018இல் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது.

மலேசியாவிலேயே எல்லாரும் அறியாமல் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. யோங் பெங்கில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறும் ஒவ்வோர் ஓட்டுநரும் பச்சைப் பலகைகளில் படிப்பது, மலேசிய நெடுஞ்சாலை வாரியம் தன் பலகைகளுக்கென்றே உருவாக்கிய எழுத்து. வாரியத்தின் சுருக்கப் பெயரான எல்எல்எம் என்பதே அந்த எழுத்துக்கும் பெயர். ஊர்ப்பெயர் எதுவானாலும் அது நெடுஞ்சாலைப் பலகை என்று கண் ஒரு நொடியில் உணர்வது பச்சை நிறத்தால் மட்டுமல்ல.

ஆனால் மாதம் சில நூறு பொட்டலம் முறுக்கு விற்பவருக்குச் சொந்த எழுத்துரு எதற்கு? தேவையே இல்லை. நல்ல பெயரெழுத்து ஒன்றும், அதோடு ஒத்துப்போகும் ஆயத்த எழுத்துரு ஒன்றும் போதும். சொந்த எழுத்துரு என்பது நாளிதழ், தொலைக்காட்சி, வங்கி, கைப்பேசிச் செயலி என்று நாள் முழுதும் தமிழில் பேசவேண்டிய நிறுவனங்களுக்கு உரியது. பலகார வியாபாரியிடம் தனி எழுத்துரு செய்து தருகிறேன் என்று எவராவது விலை சொன்னால், அங்கே வேண்டாத செலவு இருக்கிறது என்று பொருள்.

மலாயாவில் பெயரெழுத்துக்கு முன்பே படம் வந்துவிட்டது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகள் புழங்கிய சந்தையில் ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்கமாட்டார். அதனால் யானை, கிளி, கப்பல் என்று மலாயில் ‘சாப்’ ஆகவும் தமிழில் ‘மார்க்’ ஆகவும் படங்கள் நின்றன. குளுவாங்கின் புகழ்பெற்ற கோப்பித்தூள் ஒன்றுக்கு இன்றும் தொலைக்காட்சிப் பெட்டிதான் சாப். கடைக்காரரிடம் அந்தப் படத்தின் பேரைச் சொன்னாலே சரக்கு கைக்கு வரும். இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன் நிழலில் தமிழ் எழுத்து வளரவில்லை. படம் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டதால், தமிழ்ப் பெயர் உறையின் மூலையில், கிடைத்த எழுத்தில், கிடைத்த அளவில் ஒட்டப்பட்டது. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. ரோமன் பெயருக்கு நாலைந்து மாதிரிகள் வரைந்து பார்ப்பவர்களே, தமிழுக்குக் கணினியில் முதலில் கண்ணில் படுவதைப் போட்டுவிடுகிறார்கள்.

தமிழ் எழுத்தை வரையத் தனிக் கவனம் ஏன் வேண்டும் என்பதைப் பாலோ என்ற பெயரை வைத்தே பார்க்கலாம். ஒலிக்கு இரண்டெழுத்து, தாளில் ஐந்து வடிவங்கள். முதலில் ப, அடுத்து கால், பிறகு இரட்டைக் கொம்பு, ல, கடைசியில் மீண்டும் கால். ஒரே கால் இரண்டு முறை வருகிறது. இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதில்லை. இறுதிக் காலைச் சற்றே நீட்டியோ வளைத்தோ விட்டால் பெயருக்கு ஒரு முடிப்பு கிடைக்கும். ப என்பது மேலே திறந்த பெட்டி. எவ்வளவு தடித்தாலும் உள்வெளி அடைபடாது. கொம்பின் சுழியும் ல-வின் சுழியும் அப்படியல்ல. கோடு தடிக்கத் தடிக்க அவை இரண்டும் சிறுத்துப் புள்ளியாகிவிடும். ஆக, இந்தப் பெயரை எவ்வளவு தடிமனாக எழுதலாம் என்பதை முடிவு செய்வது அந்த இரண்டு சுழிகளே.

அதே பெயரை ரோமனில் எழுதினால் முதலெழுத்தான பி-யும், நடுவிலுள்ள எல்-லும், இறுதி எச்-சும் மேலே எழுந்து நிற்கும். ஏ-யும் ஓ-வும் தாழ்ந்திருக்கும். தமிழில் அந்த மேடுபள்ளம் கிடையாது. ஐந்து வடிவங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரிசை கட்டும். இதனால் இரண்டையும் அருகருகே வைக்கும்போது அளவு சிக்கலாகிறது. ரோமன் பெரிய எழுத்தின் உயரத்துக்குத் தமிழை ஏற்றினால் தமிழ் அதட்டும். சிறிய எழுத்தின் உயரத்துக்கு இறக்கினால் மங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில்தான் தமிழ் சமமாகத் தெரியும். அந்த இடத்தைக் கணினி சொல்லாது; கண்ணால் பார்த்துத்தான் நிறுத்தவேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு ‘சைஸ் சரியாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லும் அச்சகங்கள் செய்யும் பிழை இதுவே.

முறுக்கு என்ற சொல்லில் வேறு தொல்லை. அதன் நான்கு எழுத்துகளில் மூன்று உகரம் ஏறியவை. தமிழில் உகரம் ஒரே ஒலியானாலும் கோடு ஒன்றல்ல. சு, பு, வு போன்றவற்றில் நேராகக் கீழே இறங்கும். து, லு, று போன்றவற்றில் கீழே போய் வலப்பக்கம் மேலேறும். கு, மு, ழு போன்றவற்றில் எழுத்தையே சுற்றிக்கொண்டு வரும். ஆகவே முறுக்கு என்று எழுதினால் அடிக்கோட்டுக்குக் கீழே ஏகப்பட்ட நடமாட்டம். உறையில் பெயரை ஒரு சிவப்புப் பட்டைக்குள் இறுக்கி அடைத்தால், முதலில் வெட்டுப்படுவது இந்த வால்கள்தான். மேலே இகர ஈகாரக் கொக்கிகளும் இப்படியே இடம் கேட்கும். தமிழுக்கு மேலும் கீழும் ரோமனைவிடக் கூடுதல் இடம் விடவேண்டியிருப்பது அழகுக்காக அல்ல.

எண்ணெய் என்ற சொல் இன்னும் கடினம். மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது. ப-வைப் போல இரண்டு மடங்கு அகலம். தடித்த எழுத்தில் மூன்று சுழிகளும் ஒட்டிக்கொண்டால் ண எது, ன எது என்று தெரியாது. பிளாஸ்டிக் உறையில் மை கொஞ்சம் பரவும் என்பதால், திரையில் திறந்திருக்கும் சுழி அச்சில் மூடிவிடுவதும் உண்டு. பரோட்டா என்பதில் ரகரத்துக்கு அடுத்தே கால் வருகிறது. ர-வின் அடியில் உள்ள சாய்ந்த வாலை ‘மாடர்னாக’ இருக்கட்டும் என்று சிலர் வெட்டிவிடுகிறார்கள். பிறகு இரண்டு கால்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், படிப்பவர் ஊகித்துக்கொள்ளவேண்டும். ரோமன் எழுத்தின் உடைகளைத் தமிழுக்கு மாட்டிப் பார்க்கும் ஆசையில் நடக்கும் சேதங்களில் இதுவே மிகுதி.

மொத்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. ஆனால் கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவை தனித்தனியாக நின்று எல்லா மெய்யோடும் சேர்ந்துவிடுவதால் எழுத்துரு வரைபவர் 247 வடிவங்களையும் வரைவதில்லை. உழைப்பு குவிவது இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறிய 72 வடிவங்களில். அவற்றில் டி, டீ போன்றவை தனிப் போக்கு. கிரந்த எழுத்துகளையும் எண்களையும் குறிகளையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று பல எடைகளில் வரைய மாதங்கள் பிடிக்கும். பெயரெழுத்துக்கோ ஐந்தாறு வடிவங்கள் போதும்.

இந்த வட்டாரத்தில் 1978க்கு முந்திய பாணியில் எழுதிய பலகைகள் கண்ணில் படலாம். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் அதைப் பின்பற்றின. அதற்கு முன் லை, னை முதலியவை யானைத் துதிக்கைபோல் மேலெழும் கோட்டோடு எழுதப்பட்டன. தாத்தா காலத்துக் கடைப்பெயரில் அந்தத் துதிக்கை இருந்தால் பெயரெழுத்தில் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பழமைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. சேர்மானப் பட்டியலிலும் விலைப்பட்டியலிலும் மட்டும் அது வேண்டாம். பள்ளிப்பிள்ளைக்குப் படிக்கவராது.

ஆயத்த எழுத்துருக்களுக்கு இன்று பஞ்சமில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். ஐபோனில் தமிழ் தெரியும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவின் கடைசி இரண்டு எழுத்துகள் அவர் பெயரைக் குறிப்பவை. உலகெங்கும் தமிழர் கையில் இருக்கும் எழுத்து இந்த நாட்டில் வரையப்பட்டிருக்கும்போது, இந்நாட்டுச் சரக்கில் தமிழ் அலங்கோலமாக இருப்பதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. கட்டணமில்லாமல் கிடைப்பவற்றில் பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் ஒன்பது எடைகளில் இருக்கிறது; விலைப்பட்டியலுக்கும் முகவரிக்கும் ஏற்றது. மும்பையின் ஏக் டைப் வெளியிட்ட முக்தா மலர் நீண்ட வாசகத்துக்கு நல்லது. இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. வாழ்த்துமடலுக்குப் பொருந்தும், சேர்மானப் பட்டியலுக்குப் பொருந்தாது. ஏக் டைப்பின் பாலூ என்ற கொழுத்த எழுத்துக் குடும்பத்தில் மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி என்று உறவுமுறை வைத்து, தமிழுக்குத் தம்பி என்று பெயரிட்டிருக்கிறார்கள். பாலோக் கடைக்குப் பாலூ தம்பி என்றால் பெயர்ப்பொருத்தம் பத்துக்குப் பத்து. பிள்ளைகள் தின்பண்டத்துக்குச் சரி, மருந்தெண்ணெய்க்குச் சரிவராது.

இவை போன்ற திறந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், பெயரெழுத்துக்கு அடிப்படையாக எடுத்து மாற்றி வரையலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக்கூடாது. யாரோ அனுப்பிவைத்த, உரிமம் தெரியாத எழுத்துருவை உறையில் ஏற்றுவது பின்னாளில் வழக்கில் முடியக்கூடும்.

எழுத்துருவைத் தேர்ந்தாலும் அச்சில் எழுத்து உடைவது தனிக் கதை. கோப்பி என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்பதும், புள்ளி விலகி நடுவில் தொங்குவதும், வெற்று வட்டம் முளைப்பதும் மலேசியப் பதாகைகளில் அன்றாடக் காட்சி. எழுத்துருவில் குறையில்லை. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி இருக்கிறது. ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற அதை அமைப்புப் பகுதியில் இயக்கவேண்டும், அவ்வளவுதான். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு எழுத்து உடைந்திருப்பதே தெரியாது. ஆகவே தமிழ்ச் சொற்களைச் சரியாகக் கோத்து, கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுப்பது பாதுகாப்பு. சில அச்சகங்களில் இன்னும் ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்கள் புழங்குகின்றன. தாளில் அவை ஒழுங்காகத் தெரியும். அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். புதிதாகத் தொடங்குபவர் ஒருங்குறி எழுத்துருவைத் தவிர வேறெதையும் ஏற்கத் தேவையில்லை.

சட்டம் கேட்பவையும் சில உண்டு. உள்நாட்டில் தயாராகும் உணவின் உறையில் விவரங்கள் மலாயில் இருந்தாகவேண்டும். தமிழ் கூடுதலாக வரலாம். கடைப் பலகையில் தேசிய மொழி முதன்மையாகத் தெரியவேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விளம்பரத் துணைச்சட்டம். இதைக் காரணம் காட்டித் தமிழை எறும்பளவாக்கிவிடுகிறவர்கள் உண்டு. மலாய்க்கு முதலிடம் கொடு என்றுதான் சட்டம் சொல்கிறது. தமிழைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கச் சொல்லவில்லை. அளவில் சிறிதானாலும் தமிழுக்கு நல்ல வடிவமும் தாராளமான இடமும் கொடுத்தால் அது தூரத்திலிருந்தே தெரியும்.

பெயரெழுத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தை அணுகவேண்டும். 2019ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சின்னத்தில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். பதிவுக்குப் பிறகு எழுத்தை ஆளுக்கொரு விதமாக மாற்றக்கூடாது. பலகையில் ஒன்று, உறையில் ஒன்று, முகநூலில் ஒன்று என்று இருந்தால் பதிவு காகிதத்தோடு நின்றுவிடும்.

வேலையைக் கொடுக்கும் முறையும் முக்கியம். தமிழ்ப் பெயரை முதலில் வரையவேண்டும். ரோமனையும் சீனத்தையும் அதன் தடிமனுக்கும் சாயலுக்கும் ஏற்ப அமைக்கவேண்டும். இதுவரை நடப்பது தலைகீழ். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அளவுச் சதுரத்தை நிரப்பும். தமிழில் ண அகலம், கால் ஒடுக்கம். இந்த ஏற்றத்தாழ்வை ஏற்று இடைவெளி விட்டால்தான் மூன்றும் ஒரே குடும்பம்போல் நிற்கும். கறுப்பு வெள்ளையில் நன்றாக இருக்கும் பெயரெழுத்துதான் வண்ணத்திலும் நன்றாக இருக்கும் என்பதால் நிறத்தைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. வரைந்ததைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து ஒருமுறையும், வாட்ஸ்அப் முகப்புப் படத்தின் சிறு வட்டத்தில் ஒருமுறையும் பார்க்கவேண்டும். இரண்டிலும் சுழிகள் திறந்திருந்தால் அச்சுக்குப் போகலாம். கடைசியாக, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், வடிவமைத்தவர் அல்லாத ஒருவர், அச்சுப்படியைப் படித்துக் கையெழுத்திடவேண்டும்.

இந்த வட்டாரத்தின் பழைய கடைகளில், தூரிகையும் எனாமல் சாயமும் கொண்டு கையால் எழுதிய பெயர்ப்பலகை எங்காவது மீந்திருந்தால் அது விலைமதிப்பற்ற மூலப்பொருள். எழுதியவர் பட்டம் பெற்றவரில்லை. ஆனால் எந்தச் சுழியை எவ்வளவு திறந்து வைக்கவேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த எழுத்தைப் படமெடுத்து, கோடு பிடித்து, சீர்செய்தால் வேறெவரிடமும் இல்லாத பெயரெழுத்து கிடைத்துவிடும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. ஆகவே அத்தகைய பலகையை இறக்கி அச்சுப் பதாகை மாட்ட இருப்போர், இறக்குமுன் அதை நேர் எதிரே நின்று, பகல் வெளிச்சத்தில், எழுத்து சாயாமல் படமெடுத்து வைக்கும்படியும், தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்போது அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.